மணல்பாதை மூடும் நேரம்

ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க நான் ஒரு வருடமும் மறந்ததில்லை. சனிக்கிழமை மாலையே சமையலறைக் கடிகாரம், கூடத்துக் கடிகாரம், அடுப்பில் தெரியும் பச்சை எண்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன். கைபேசி தானாகவே மாறிக்கொள்ளும் என்கிறார்கள். மாறட்டும். முப்பத்தொரு வருடம் நூலகராக இருந்தவளுக்குத் தானாக நடக்கும் எதன்மேலும் அவ்வளவாக நம்பிக்கை வருவதில்லை.

சார்ஜென்ட், நீங்கள் சொன்னபடி என் கையாலேயே எழுதித் தருகிறேன். என் பெயர் மெரிலின் காப். வயது அறுபத்தொன்பது. மாரட் பேயில் பிறந்து, மாரட் பேயிலேயே இருப்பவள். எங்கள் ஊர் எழுத்து விழாவைத் தொடங்கியவள் நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். விழாவின் இணையப் பக்கத்தில் தேடினால் உங்களுக்கு இது கிடைக்காது.

தொடங்கியபோது எங்களிடம் அறுபது நாற்காலியும் ஒரு மைக்கும் இருந்தன. மேற்குக் காற்று அடித்தால் அந்த மைக் ஊளையிடும். மாதர் சங்கக் கூடத்தில் நடத்தினோம். எழுத்தாளர்களை ஓட்டலில் தங்கவைக்க வசதியில்லாததால் ஆளுக்கொரு வீட்டில் தங்கவைத்தோம். என் மாடியறையில் தங்கிய ஒரு நாவலாசிரியர் மூன்று நாளும் குளிக்கவே இல்லை. இப்போது அவர் பெரிய ஆள், பெயர் வேண்டாம். சாப்பாட்டுப் பொறுப்பு நோலீன் மக்கினனுடையது. மசாலாச் சிப்பி அடைத்த பேஸ்ட்ரியை அவளைப்போல் செய்ய தாஸ்மேனியாவின் இந்தக் கரையில் ஆளில்லை. நானும் அவளும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். "நேரங்காலமெல்லாம் மெரிலின் பாத்துப்பா, வயித்தை நான் பாத்துக்கறேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

விழாவின் மூன்றாம் வருடம் என் மகள் கிர்ஸ்டி இறந்தாள். இருபத்து மூன்று வயது, இரத்தப் புற்றுநோய். நூலகத்தில் கழித்துக்கட்டிய பழைய அட்டைகளின் பின்பக்கத்தில் அவள் கவிதை எழுதுவாள். பெரிய கவி என்று சொல்ல மாட்டேன். நூலகராகவும் எனக்கு அது தெரியும், தாயாகவும் தெரியும். அடுத்த வருடம் விழாக்குழு அவள் பெயரில் ஒரு பரிசு வைத்தது. இந்த வட்டாரத்தில், இதுவரை எதுவும் அச்சில் வராத ஒருவருக்கு ஒரு கட்டுப் புத்தகமும் சான்றிதழும் தருவோம். ஒருவர் மேடையேறி "கிர்ஸ்டி ஆன் காப் பரிசு" என்று முழுப்பெயரையும் சொல்வார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் என் மகளின் பெயரை என் வாய் தவிர இன்னொரு வாய் சொல்லும். மற்ற நாளெல்லாம் நான் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். மிகையாகத் தோன்றினால் நீங்கள் அடித்துவிடலாம், ஆனால் உண்மை அதுதான்.

பிறகு பல்கலைக்கழகம் வந்தது. ஐந்து வருடக் கூட்டுறவு ஒப்பந்தம். அதைக் கொண்டுவந்தவர் பேராசிரியர் ஏட்ரியன் ஹார்விச். அவரைப் பொல்லாதவராகக் காட்டி எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அவர் அப்படியில்லை. முதல் கூட்டத்துக்கே எல்லார் பெயரையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். நோலீனின் பேஸ்ட்ரியை நாலு சாப்பிட்டார். "நாங்க உங்க விழாவை எடுத்துக்க வரலை, உங்களோட தோளோட தோளா நிக்க வந்திருக்கோம்" என்றார். எனக்கே கண் கலங்கியது.

முதல் வருடம் துண்டறிக்கையின் மூலையில் அவர்களுடைய சின்னம் இருந்தது. இரண்டாம் வருடம் நடுவுக்கு வந்தது. மூன்றாம் வருடம் ஊரின் பெயர் மூலைக்குப் போனது. நாலாம் வருடம் முக்கியமான அமர்வுகள் எல்லாம் நாற்பது நிமிட தூரத்தில் இருக்கும் அவர்களுடைய வளாகத்து அரங்குக்குப் போயின. மெத்தை வைத்த நாற்காலிகளாம். என்னைச் 'சமூக இணைப்பாளர்' ஆக்கினார்கள். கழுத்தில் மாட்டும் பெயரட்டை கொடுப்பதும், விழாவுக்கு வருகிறவர்கள் கடல் வற்றும்போது தீவுக்கு நடந்து போய்வரும் தீவு நடைக்குக் கடல் நேரம் பார்த்துச் சொல்வதும் என் வேலை. கறிவேப்பிலையை எடுத்து ஓரமாய் வைப்பதுபோல் வைத்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் பரிசு இருந்தது.

போன வருட விழாவுக்கு முந்தின நவம்பரில் குழுக் கூட்டத்தில் அதையும் எடுத்தார்கள். ஒப்பந்த விதிப்படி பரிசுகளுக்குத் தனிநபர் பெயர் இருக்கக்கூடாதாம். இனி அது 'வட்டாரக் குரல் பரிசு'. ஏட்ரியன் என்னைப் பார்த்து மிகவும் மென்மையாகத்தான் சொன்னார். "இது யாரையும் புண்படுத்தறதுக்கு இல்லை, மெரிலின். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒருத்தருக்காக வளைச்சா அப்புறம் நிக்காது." ஏழு பேர் இருந்தோம். நாலு கை உயர்ந்தது, மூன்று உயரவில்லை. நான் குறிப்பேட்டில் முடிவை எழுதி, தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோபம் என்று சொன்னால் போதாது. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கத் தலை நிமிரக்கூடாது என்று விரும்பினேன். அதைத் தெளிவாகவே விரும்பினேன்.

இனி கடல் விஷயம். பார்சன் தீவுக்குப் போகிற, வழிகாட்டிக் கம்பங்கள் நட்ட மணல்பாதை கடல் நன்றாக வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பு திறக்கும், இரண்டு மணி பின்பு மூடும். நீங்கள் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்பதால் இதையும் எழுதுகிறேன். கடல் அட்டவணையில் கோடைக்கால நேரம் கிடையாது. கோடையில் நாங்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருப்பதால், அட்டவணையில் உள்ளதோடு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். ஏப்ரல் முதல் ஞாயிறு அதிகாலை மூன்று மணியோடு கோடை நேரம் முடிகிறது. அன்றிலிருந்து அட்டவணையும் கடிகாரமும் ஒன்று, எதையும் கூட்ட வேண்டாம். எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும்.

நோலீன் இறப்பதற்கு முந்தின வருட விழாவில், சனிக்கிழமை நடையின்போது, ஏட்ரியன் என்னைக் கேட்காமல் தானே அட்டவணையைப் பார்த்தார். ஒரு மணியைக் கூட்ட மறந்துவிட்டார். நாற்பது பேரோடு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்க் கரையில் நின்றார். எதிரே பாதை இல்லை, தண்ணீர். படகுக்கார நெவில் வலையை மடித்துக்கொண்டே கேட்டான்:

"என்ன ப்ரொஃபசரே, நீங்க வர்றீங்கன்னு கடலுக்கு லெட்டர் போடலையா?"

"அட்டவணைப்படி ஒன்பதுக்குப் பாதை திறந்திருக்கணுமே?"

"அது கடலோட ஒன்பது. உங்க கையில கட்டியிருக்கறது கவர்மெண்டோட ஒன்பது. கடல் ஓட்டுப் போடறதில்லை, அதனால அதுக்கு யாரும் நேரம் மாத்தலை."

எல்லாரும் சிரித்தார்கள். ஏட்ரியனும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பை நான் கவனித்து வைத்துக்கொண்டேன். அப்படி ஒருமுறை அசடு வழிந்தவர் அடுத்த முறை கவனமாக இருப்பார் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

போன வருடம் சனிக்கிழமை முழுவதும் வளாகத்து நிகழ்ச்சிகள் இருந்ததால் தீவு நடையை ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். வியாழக்கிழமை நான் அட்டவணைப் பக்கத்தை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினேன். ஞாயிறு, கடல் வற்றும் நேரம் எட்டு நாற்பது. 'வழக்கம்போல அட்டவணை நேரம்' என்று ஒரு வரி எழுதினேன். பத்து நிமிடத்தில் அவர் பதில் வந்தது. "இந்தத் தடவை நெவிலுக்கு வாய்ப்புக் குடுக்க மாட்டேன்! ஒரு மணி நேரத்தை நானே கூட்டிட்டேன். வற்றும் நேரம் ஒன்பது நாற்பது, திரும்ப வர பதினொன்று நாற்பது வரை இருக்கு. சரிதானே?"

சரியில்லை. அன்று எதையும் கூட்ட வேண்டியதில்லை, பாதை பத்து நாற்பதுக்கு மூடிவிடும். அதை எழுத ஒரு வரி போதும். வியாழன் போனது, வெள்ளி போனது, சனி போனது. நான் எழுதவில்லை. போன வருடம் நீங்கள் விசாரித்தபோது அந்தப் பதிலைப் பார்க்கவே இல்லை என்று சொன்னேன். பார்த்தேன். அச்செடுத்தும் வைத்திருக்கிறேன். தையல் பெட்டியில் இருக்கிறது.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பாதையின் தொடக்கத்தில் இருக்கும் எங்கள் கரும்பலகைக்குப் போனேன். 'திரும்ப வரவேண்டிய நேரம்' என்று எழுதிவைப்பது இருபது வருடமாக என் வேலை. பழைய நேரத்தைத் துடைத்தேன். புதியதை எழுதவில்லை. பனியில் சுண்ணக்கட்டி நமுத்திருந்தது. அப்படி நமுத்தது எழுதுமா எழுதாதா என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்குப் பதினொரு பேர் தீவுக்கு நடந்தார்கள். முன்னால் ஏட்ரியன், கடைசியில் நோலீன். வழக்கமாகக் கடைசியில் நடப்பவள் நான்தான். அன்று முட்டி வலி என்று அவளை அனுப்பினேன். தீவில் அவர் தன் புத்தகத்திலிருந்து வாசிப்பதாக ஏற்பாடு. மதியம் ஒரு மணிக்கு வளாகத்தில் நிறைவு விழா. அதில் துணைவேந்தர் இன்னும் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, ஏட்ரியனை விழா இயக்குநராக அறிவிக்க இருந்தார். பாதை மூடிவிட்டால் தீவிலேயே சும்மா உட்கார்ந்திருக்கலாம், ஒன்றும் ஆகாது, படகு வரும். ஆனால் அந்த மனிதர் அன்று உட்கார்ந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தண்ணீரில் இறங்கித் தொப்பலாக நனைந்து, துணைவேந்தர் முன்னால் அசிங்கப்படுவார் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் நான் எனக்கே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன்.

பதினொன்று ஐந்துக்கு நோலீனிடமிருந்து போன் வந்தது. கைபேசிக் கணக்கில் அந்த அழைப்பைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள். பேஸ்ட்ரியைப் பற்றிப் பேசினாள் என்றேன். கடைசியில் அதைப் பற்றியும் பேசினாள் என்பதால் அது முழுப்பொய் இல்லை. பேசியது இதுதான்.

"மெரிலின், தண்ணி மணல் மேல ஏறிடுச்சுடி. இன்னும் அரைமணிக்கு மேல இருக்குன்னு இந்த மனுஷன் சாதிக்கறாரு. எனக்கென்னமோ சரியாப் படலை. நீ சொல்லு."

"பதினொன்னு நாப்பது வரைக்கும் இருக்கு. நேத்து அடிச்ச காத்துல அலை கொஞ்சம் மேல வருது, அவ்வளவுதான்."

"கணுக்காலுக்கு மேல நிக்குதேடி."

"கம்பத்துக்கு இடது பக்கமா நட. அங்கதான் மேடு."

"நிச்சயமாத்தானே?"

"நான் எப்பவாவது நேரத்தைத் தப்பாச் சொல்லியிருக்கேனா?"

சிரித்தாள். "அதுவும் சரிதான். மத்தவங்க இங்கயே நிக்கட்டும், முதல்ல நானும் ப்ரொஃபசரும் போய்ப் பாக்கறோம். அடுப்புல உனக்குன்னு ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன், மறந்துடாதே."

கம்பத்துக்கு இடது பக்கம் மேடு இல்லை. அங்கே ஆழமான வாய்க்கால் ஓடுகிறது. நோலீன் கடலைப் பார்த்து வளர்ந்தவளே தவிர, கடலில் கால் வைப்பவள் இல்லை. இந்த மாதிரி விஷயங்களை அவள் என்னிடம் விட்டுவிட்டாள்.

என் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பாதை முழுவதும் தெரியும். பறவை பார்க்கிற தொலைநோக்கி அங்கேயே ஆணியில் தொங்கும். அவளுடைய சிவப்பு மழைக்கோட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. பாதி தூரத்தில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஏட்ரியன் அவள் கையைப் பிடித்திருந்தார். அதை எழுதாமல் விடக்கூடாது. அவர் கடைசிவரை பிடித்துத்தான் இருந்தார், தண்ணீரின் இழுப்புத்தான் பிரித்தது. அவர் நீந்தினார். அவள் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். நெவிலின் படகு அங்கே போக ஏழு நிமிடம் ஆகும். அவன் எண் எனக்கு மனப்பாடம், போன் என் மற்றொரு கையில் இருந்தது. பன்னிரண்டு நிமிடம் அவள் அந்தக் கம்பத்தைப் பிடித்திருந்தாள். அத்தனை பலம் அவளுக்கு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாலாவது கை யாருடையது என்று நீங்கள் கேட்கவில்லை. குறிப்பேட்டில் பெயர்கள் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. மூன்று கைகள் பல்கலைக்கழக ஆட்களுடையவை, அதில் எனக்கு ஆச்சரியமில்லை. நாலாவது கை பாதிதான் உயர்ந்தது, வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்கிற பிள்ளையின் கைபோல. கூட்டம் முடிந்து கோப்பை கழுவும்போது நோலீன் பக்கத்தில் வந்து நின்றாள். "பதினேழு வருஷம் ஆச்சுடி. அவ பேரைக் கேக்கற ஒவ்வொரு தடவையும் நீ ஒரு வாரம் படுத்துடற. என்னால பாக்க முடியலை. உன் நல்லதுக்குத்தான் கை தூக்கினேன்" என்றாள். நான் துணியை அவளிடம் கொடுத்தேன். துடைத்தாள். அதன்பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. வாரம் தவறாமல் சீட்டு விளையாடினோம்.

ஒன்பது பேரை நெவில் மதியம் படகில் கூட்டி வந்தான். நோலீனை அடுத்த நாள் கண்டெடுத்தார்கள். விசாரணையில் ஏட்ரியன் எழுந்து நின்று, "ஒரு மணி நேரத்தை நான்தான் கூட்டினேன். வேற யாரும் இல்லை" என்றார். விபத்து என்று முடிவானது. தீவிலிருந்து அவள் யாருக்கோ போன் பேசியதை அவர் அலைச் சத்தத்தில் கேட்கவில்லை. அதன்பிறகு ஊரில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் கவனித்தேன். மெலிந்துவிட்டார். நெவிலின் முகத்தைப் பார்ப்பதில்லை. கடலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் ஏட்ரியன் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு அழுதார்.

"மெரிலின், கமிட்டி ஒருமனதா முடிவு பண்ணிடுச்சு. நோலீன் பேர்ல ஒரு பரிசு. மேடையில நீங்கதான் அறிவிக்கணும். அவங்களுக்கு உங்களைவிட யாரு நெருக்கம்?"

"எந்தப் பரிசு?"

"வட்டாரக் குரல் பரிசுதான். பேரை மட்டும் மாத்தறோம்."

"விதி இருக்கே."

"துணைவேந்தர்கிட்ட நானே போய்ப் பேசினேன். மூணு நிமிஷம்கூட ஆகலை. இப்படி ஒண்ணுக்காக வளைக்கலைன்னா விதி எதுக்குன்னு அவரே கேட்டாரு."

நான் அவருக்கு இன்னொரு தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரை வேண்டுமா என்றும் கேட்டேன்.

இந்த மாதம் முதல் சனிக்கிழமை, மெத்தை நாற்காலி போட்ட அரங்கில், நானூறு பேர் முன்னால் நின்று 'நோலீன் மக்கினன் நினைவுப் பரிசு' என்று என் வாயால் சொன்னேன். கூட்டம் எழுந்து நின்றது. கைதட்டல் நிற்கவே இல்லை. கிர்ஸ்டிக்கு ஒருபோதும் யாரும் எழுந்து நின்றதில்லை. திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன்.

இத்தனை நாள் மறைத்ததை இப்போது ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் 'மனசாட்சி' என்று எழுதிக்கொண்டீர்கள், எதிரில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தலைகீழ் எழுத்து படிக்க வரும். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். நோலீன் போனதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, வியாழக்கிழமைகளில் சீட்டு விளையாட ஆளில்லை. ஆனால் நான் வந்தது ஒரு தவறான பதிவைத் திருத்த. அந்தப் பரிசை அவர்கள் தங்கள் தவறுக்குப் பிராயச்சித்தமாக வைத்திருக்கிறார்கள். அது அவர்களுடைய தவறே இல்லை. நோலீனைக் கொன்றது நான்தான், தெரிந்தேதான் செய்தேன், ஏட்ரியன் ஹார்விச்சுக்கு அதில் பங்கில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஆகவே அந்தப் பெயர் அங்கே இருக்கக் காரணமில்லை. விதியையும் ஏற்கனவே வளைத்துவிட்டார்கள். இதன் ஒரு பிரதியைக் குழுவுக்கும் அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. இனி கிர்ஸ்டியின் பெயரைத் திரும்ப வைக்க அவர்களுக்கு ஒரு தயக்கமும் இருக்காது. அடுத்த ஏப்ரலில் அதை அறிவிக்கும்போது நான் எங்கே இருந்தாலும் ஒரு நாள் வந்து போக நீங்கள் அனுமதி வாங்கித் தர வேண்டும், எனக்கு ஒரு நாற்காலி நிச்சயம் போட்டு வைப்பார்கள், முன்வரிசைதான் வேண்டும் என்பதில்லை.